லூசியானா நெல் வயலும் ஒரு தாம்பாளம் கிராஃபிஷும்

எங்கள் பக்கத்தில் வயல் நண்டுக்கு இரண்டு முகம். ஐப்பசி அடைமழையில் சளி பிடித்தால் அதுதான் மருந்து. நாலைந்து நண்டைப் பிடித்து, ஓட்டைக் கழற்றி, உரலில் இடித்துச் சாறு வடித்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு என் அம்மா ரசம் வைப்பார். ஒரு டம்ளர் உள்ளே போனால் மூக்கு திறந்துவிடும். அதே நண்டு நடவு முடிந்த வயலில் எதிரி. இளம் பயிரைக் கத்தரித்துப் போடும். வரப்பில் வளை தோண்டி, ராத்திரியோடு ராத்திரியாக நம் தண்ணீரைப் பக்கத்து வயலுக்கு அனுப்பிவிடும்.

அந்த எதிரியோடு நானும் சண்டை போட்டவன்தான். 1990களில் ஃபோரேட் குருணையை ஒரு சிட்டிகை வளைக்குள் போட்டு மண்ணால் அடைப்போம். மறுநாள் வரப்போரம் நண்டு மல்லாந்து கிடக்கும். கூடவே குறவை, கெண்டைக்குஞ்சு, நத்தை எல்லாம் கிடக்கும். அந்தக் குருணைக்கு 2020 கடைசியில் நாடு முழுக்கத் தடை வந்தது. எங்கள் ஊர் நண்டு அதற்கு முன்பே போய்விட்டது.

2025 ஏப்ரலில், அமெரிக்காவில் ஒரு கிராமத்துச் சாப்பாட்டுக் கடையில், காகிதம் விரித்த மேசையில் என் முன்னால் ஒரு பெரிய தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். சிவக்கச் சிவக்க வெந்த உயிரினங்கள், கொடுக்கும் மீசையுமாக, ஆவி பறக்கக் குவிந்து கிடந்தன. அத்தனையும் நெல் வயலில் பிடித்தவை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கை நீட்டியபோது, எனக்கு அந்தக் குருணை டப்பாதான் ஞாபகம் வந்தது.

நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடைமடை விவசாயி. மகளும் மாப்பிள்ளையும் ஹூஸ்டனில் இருக்கிறார்கள். சம்பா அறுவடை முடித்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, நானும் மனைவியும் மூன்று மாதம் அவர்களோடு இருந்துவிட்டு வரப் போயிருந்தோம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னுடைய பள்ளக்கால் நாலரை மா, அதாவது ஒன்றரை ஏக்கர், ஆற்றோரம் இருக்கிறது. அதை இறால் பண்ணைக்குக் குத்தகைக்குக் கேட்டார். ஏக்கருக்கு வருடம் அறுபதாயிரம் ரூபாய். மழை அதிகமான வருடத்தில் பயிர் மூழ்கிப் போகிற நிலம் அது. சென்னையில் இருக்கும் மகன், "குடுத்துடுங்கப்பா, இனிமே அதுல என்ன வரப்போவுது?" என்றான். ஊருக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்று அந்த ஆளை அனுப்பிவிட்டேன். விமானத்தில் ஏறியும் அந்த நாலரை மா என்னை விடவில்லை.

ஹூஸ்டனில் ஒரு மாதம் ஓடியது. கோயில், கடை, பேரனின் பள்ளிக்கூடம். எனக்குக் கால் தரிக்கவில்லை. ஒருநாள் மாப்பிள்ளை, "மாமா, என்கூட வேலை பார்க்கிறவரோட அண்ணன் லூசியானாவுல நெல்லு போடுறார். நெல்லோட கிராஃபிஷும் வளர்க்கிறார். பெரிய வெள்ளிக்குப் பையனுக்கு லீவு. போய்ட்டு வருவோமா?" என்றார். நெல் என்ற சொல்லுக்கே நான் சட்டையை மாட்டிவிட்டேன்.

ஹூஸ்டனில் இருந்து கிழக்கே ஏறக்குறைய 320 கிலோமீட்டர், மூன்று மணி நேர ஓட்டம். போமான்ட் தாண்டி, சபீன் ஆற்றைக் கடந்தால் லூசியானா. லேக் சார்லஸ் நகரம் கழிந்த பிறகு நிலம் பாய் விரித்த மாதிரி ஆகிவிடுகிறது. திருத்துறைப்பூண்டி சாலையில் போகிற நினைப்பு வந்தது. மேடு பள்ளம் இல்லை, கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர் நிறுத்திய வயல், கொக்குக் கூட்டம். ஒரு சின்ன விமானம் தாழப் பறந்து எதையோ தூவிக்கொண்டு போனது. மருந்தாக்கும் என்று நினைத்தேன். இல்லை, விதை நெல். முளைகட்டிய விதையைத் தண்ணீர் நிற்கும் வயலில் விமானத்தில் இருந்தே விதைக்கிறார்கள். நாற்றங்கால் இல்லை, நடவாள் இல்லை. என் மனைவி, "இங்க நடவுப் பாட்டுக்கு ஆள் இல்ல போல" என்றாள்.

நாங்கள் போன இடம் க்ரௌலி என்ற ஊர்ப் பக்கம். அமெரிக்காவின் நெல் தலைநகரம் என்று அந்த ஊரைச் சொல்கிறார்கள். 1909 முதல் அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. 1937 முதல் நெல் திருவிழா எடுக்கிறார்கள். நம் ஆடுதுறை ஞாபகம் வந்தது.

வரப்புக்குள்ளே விதை

அந்த விவசாயிக்கு என் வயதுதான் இருக்கும். ரப்பர் பூட்ஸும் தொப்பியுமாக வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் பெரியவர்களை 'சார்' போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். நான் அவருக்கு சார், அவர் எனக்கு சார். நடுவில் மாப்பிள்ளை மொழிபெயர்ப்பு.

கிராஃபிஷ் என்று பெயரில் மீன் இருந்தாலும் அது மீன் இல்லை. நன்னீரில் வாழும் ஓட்டு உயிரினம். உடம்பு இறால் மாதிரி, முன்கை நண்டு மாதிரி. நம் கையில் ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். உயிரோடு இருக்கும்போது கரும் சிவப்பு.

அவர் சொன்ன கணக்கை அப்படியே எழுதுகிறேன். மார்ச், ஏப்ரலில் நெல் விதைப்பு. ஜூன் வாக்கில், நெல் நிற்கும் வயலிலேயே ஏக்கருக்கு 25 கிலோ அளவுக்குத் தாய்க் கிராஃபிஷை விடுகிறார்கள். ஒருமுறை விட்டால் போதும், தீவனம் என்று எதுவும் கிடையாது. ஜூலை கடைசி, ஆகஸ்டில் அறுப்புக்காகத் தண்ணீரை வடிக்கும்போது அவை வரப்பிலும் வயல் மண்ணிலும் வளை தோண்டி உள்ளே போய்விடும். வாயை மண் உருண்டையால் அடைத்துக்கொள்ளும். பெண் கிராஃபிஷ் அந்த வளைக்குள்ளேயே சில நூறு முட்டை போட்டு, வாலடியில் ஒட்டி வைத்திருக்கும். மேலே அறுவடை மெஷின் ஓடும். அறுத்த தாளை அவர்கள் கொளுத்துவதில்லை. கட்டையில் இருந்து மறுதாம்பு துளிர்க்க விடுகிறார்கள். அக்டோபரில் மறுபடி தண்ணீர் கட்டினால் தாய்கள் குஞ்சுகளோடு வெளியே வரும். தாள் மெல்ல மெல்ல மக்க, அதில் புழுவும் பூச்சியும் நுண்ணுயிரும் பெருகும். அதுதான் கிராஃபிஷுக்குச் சாப்பாடு. டிசம்பர் வாக்கில் பிடிக்கத் தொடங்கி மே வரை ஓட்டுகிறார்கள். மார்ச், ஏப்ரல்தான் உச்சம்.

"அப்ப வைக்கோல்தான் தீவனமா?" என்று கேட்டேன்.

"வைக்கோல்தான் சார். ஆனா அதே வைக்கோல் கழுத்தையும் அறுக்கும்" என்றார். தாள் ஒரே மூச்சில் அழுகினால் தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்துவிடும். அக்டோபரில் வெயில் இருந்தால் ஆபத்து அதிகம். தண்ணீர் கறுத்து நாறும், கிராஃபிஷ் எல்லாம் புல்லைப் பிடித்து மேலே ஏறி நிற்கும். அப்போது பழைய தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் விட வேண்டும். மோட்டாருக்கு டீசல் செலவு அங்கேதான் கையைக் கடிக்கிறது.

பிடிக்கிற விதம் வேடிக்கை. நம் மடைவாயில் வைக்கும் பறி மாதிரியே ஒன்று, கம்பிவலையில் கூம்பாகச் செய்தது. அடியில் மூன்று வாய். உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. இரைக்கு மீன் துண்டு. ஏக்கருக்குப் பத்து முதல் இருபது பறி, வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். தட்டையான அலுமினியப் படகு, பின்னால் ஒரு இரும்புச் சக்கரம் சேற்றில் ஊன்றித் தள்ளுகிறது. படகை நிறுத்துவதே இல்லை. ஓட்டுகிறவரே ஒரு பறியை எடுத்து, மேசையில் கவிழ்த்து, இரை போட்டுத் தயாராக இருக்கும் வேறு பறியை அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார். அன்றைக்குப் படகில் இருந்தவர் மெக்சிகோவில் இருந்து பருவ வேலைக்கு வந்தவர். உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லையாம். இந்தப் பேச்சைக் கேட்க அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்.

எனக்கு முக்கியமான கேள்வி வரப்புதான். "இத்தனை வளை தோண்டினா வரப்பு நிக்குதா?"

அவர் சிரித்துக்கொண்டே என்னை வெளிவரப்புக்குக் கூட்டிப்போனார். அடியில் ஒன்பது அடி அகலம், உயரம் மூன்று அடி. மேலே ஒரு வண்டியே போகும். அப்படியும் ஒழுகும், வருடம் ஒருதரம் மெஷின் விட்டுச் சரிசெய்கிறோம் என்றார். என் வரப்பு ஒன்றரை அடி. அதிலும் வருடா வருடம் பக்கத்து வயல்காரர் ஒரு மண்வெட்டி வெட்டிக்கொள்கிறார். நண்டின் மேல் மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோமே என்று நினைத்துக்கொண்டேன்.

விளைச்சல், நெல் ஏக்கருக்கு மூன்று டன். கிராஃபிஷ் நல்ல வருடத்தில் 250 கிலோ, சில வயலில் அதற்கும் மேலே. லூசியானா முழுக்க இரண்டரை லட்சம் ஏக்கருக்கும் மேலே இது நடக்கிறது. நெல்லில் கட்டுப்படி ஆகாத வருடம் கிராஃபிஷ் தூக்கிவிடும் என்றார். எல்லா வருடமும் அப்படி இல்லை. 2023 கோடையில் அங்கே கடும் வறட்சி. மண் காய்ந்து வெடித்து, வளைக்குள் இருந்த தாய்கள் அப்படியே செத்துப்போயின. அந்தச் சீசனில் பறியைத் தூக்கினால் ஒன்றிரண்டுதான் இருந்ததாம். 2024 மார்ச்சில் மாநில ஆளுநர் பேரிடர் என்றே அறிவித்தார். விலை வானத்துக்குப் போனது, விற்கத்தான் சரக்கு இல்லை.

அதைவிடப் பெரிய அடி வேறொன்று. 1999-ல் நெல் விதையில் ஃபிப்ரோனில் பூசி விற்கத் தொடங்கினார்கள். நம் ஊரில் குருத்துப்பூச்சிக்குக் குருணையாகப் போடுகிறோமே, அதே மருந்துதான். நெல் வேரைத் தின்னும் கூன்வண்டுக்காக அங்கே வந்தது. நெல் நன்றாக வந்தது. ஆனால் அடுத்த சீசனில் பல வயல்களில் கிராஃபிஷ் இல்லை. விவசாயிகள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2004-ல் நாலரைக் கோடி டாலர் இழப்பீட்டில் வழக்கு முடிந்தது. இப்போது நெல்லுக்கு எந்த மருந்து அடிப்பதாக இருந்தாலும், கிராஃபிஷுக்கு என்ன ஆகும் என்று கேட்காமல் டப்பாவைத் திறப்பதில்லை என்றார். அடுத்த வயலில் விமானத்தில் அடிக்கும் மருந்து காற்றில் வந்தால்கூடச் சண்டை வருமாம்.

அவருக்கு மட்டும் பூச்சி இல்லையா என்ன? இருக்கிறது. ஆனால் வயலில் காசு நீந்திக்கொண்டிருக்கும்போது கை தானாக நிதானிக்கிறது. எங்கள் நண்டுக்கு யாராவது கிலோவுக்கு நானூறு ரூபாய் கொடுத்திருந்தால் நான் குருணை போட்டிருப்பேனா?

காகிதம் விரித்த மேசை

மத்தியானம் அவரே எங்களைக் கடைக்கு அழைத்துப்போனார். சாலையோரம் தகரக்கூரை போட்ட இடம். கிராஃபிஷ் சீசனில் மட்டும்தான் திறப்பார்களாம். பலகையில் அன்றைய விலையைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்கள். கார் நிறுத்த இடமில்லை. அன்று பெரிய வெள்ளி.

அந்தப் பகுதியில் கத்தோலிக்கர்கள் அதிகம். கனடா பக்கம் அகாடியா என்ற இடத்தில் வாழ்ந்த பிரெஞ்சு மக்களை 1755 முதல் ஆங்கிலேயர்கள் விரட்டியடித்தார்கள். அவர்களில் பலர் அலைந்து திரிந்து இந்தச் சதுப்பு நிலத்தில் வந்து குடியேறினார்கள். காஜுன் என்று அவர்களைச் சொல்கிறார்கள். தவக்காலத்து வெள்ளியில் இறைச்சி கிடையாது, நீரில் வாழ்வது ஆகும். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரனான எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கிராஃபிஷ் சீசனும் தவக்காலமும் ஒன்றாக வருவதால் பெரிய வெள்ளிக்கு ஊரே கூடிவிடுகிறது. மற்ற நாளில் கூடவே சாசேஜும் போட்டு வேகவைப்பார்களாம், அன்றைக்கு அது இல்லை.

உள்ளே நீள நீள மேசைகள். ஒரு குடும்பம் எழுந்திருக்கும் முன் அடுத்த குடும்பம் பக்கத்தில் நிற்கிறது, நம் கல்யாணப் பந்தி மாதிரி. மேசை மேல் பழுப்புக் காகிதம். தட்டு இல்லை, முள்கரண்டி இல்லை. ஒவ்வொரு மேசைக்கும் துடைக்கும் தாள் ஒரு உருளை. கைகழுவும் தொட்டி ஹாலுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்கா போய் இரண்டு மாதத்தில், எல்லாரும் கையால் சாப்பிடும் ஒரு இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவரை வெளியே சாப்பிடும் இடங்களில் ஸ்பூனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என் மனைவி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கடைக்காரரிடம் கேட்டுச் சமையல் நடக்கும் பின்கட்டையும் பார்த்தேன். சாக்கில் உயிரோடு வந்ததைத் தண்ணீரில் கொட்டி, சேறு போக அலசி, செத்ததைப் பொறுக்கி எறிகிறார்கள். அண்டா மாதிரிப் பெரிய பாத்திரம், உள்ளே துளை போட்ட கூடை, கீழே கேஸ் அடுப்பு. தண்ணீரில் உப்பு, காரமான மிளகாய்த்தூள், கடுகு, தனியா, பிரிஞ்சி இலை, முழுப் பூண்டு, இரண்டாக வெட்டிய எலுமிச்சை, வெங்காயம். சின்ன உருளைக்கிழங்கு முதலில் வேகும். பிறகு கிராஃபிஷும் மக்காச்சோளமும் விழும். கொதி வந்து நாலைந்து நிமிடம்தான், அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். பிறகு மூடி, 25 நிமிடம் அப்படியே ஊறவிடுகிறார்கள். கொதிக்கவிட்டால் சதை கல்லாகிவிடும், காரம் ஏறுவது ஊறலில்தான் என்றார் கடைக்காரர். "மீன் குழம்புக்கும் அதே கணக்குதானே" என்றாள் என் மனைவி. மாப்பிள்ளை அதை மொழிபெயர்த்துச் சொல்ல, கடைக்காரர் தலையாட்டினார்.

தாம்பாளம் வந்தது. தலைக்கு நாலு பவுண்டு, அதாவது 1.8 கிலோ கணக்கு. மலைத்துப்போனேன். அதில் சதை ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது என்பது பிறகுதான் தெரிந்தது. தலையையும் வாலையும் பிடித்து ஒரு முறுக்கு. வாலின் முதல் இரண்டு வளையத்தை உரித்து, நுனியை அழுத்தி இழுத்தால் சதை முழுசாக வரும். தலையை உறிஞ்ச வேண்டும், அதில்தான் மசாலாச் சாறும் மஞ்சள் கொழுப்பும் இருக்கிறது. பக்கத்து மேசையில் ஒரு பாட்டி, பேரனுக்கு உரித்துக் கொடுத்துக்கொண்டே தனக்கும் உரித்துக்கொண்டிருந்தார். என் பேரன் முதலில் கொடுக்கைப் பார்த்துப் பயந்தான். அரைமணி கழித்து அவன் முன்னால்தான் ஓடு அதிகம்.

சுவையைச் சொல்ல வேண்டுமே. இறாலைவிட இனிப்பு, நண்டைவிட மிருது. சேற்று வாடை துளியும் இல்லை. காரம் உதட்டில் நிற்கிறது, நம் மிளகு ரசம் மாதிரித் தொண்டையில் இறங்கவில்லை. உருளைக்கிழங்கு எல்லாக் காரத்தையும் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது. கடித்ததும் கண்ணில் தண்ணீர்.

ஒரே தாம்பாளத்தில் பத்துக் கை. உரிக்க நேரம் ஆவதால் யாரும் அவசரப்பட முடியாது. கை முழுக்க மசாலா, அதனால் போனை எடுக்க முடியாது. வேறு வழியில்லாமல் பேசித்தான் ஆக வேண்டும். விவசாயியின் மனைவி, மகன், மருமகள், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நாங்கள் ஐந்து பேர். அவர் மனைவி என் மனைவியிடம் சோற்றுக்கு என்ன குழம்பு என்று கேட்டார். இவள் நண்டுக் குழம்பைச் சைகையிலேயே விளக்கிவிட்டாள். பிறகு எட்டூஃபே என்று ஒன்று வந்தது. வெண்ணெயில் வெங்காயமும் குடைமிளகாயும் செலரியும் வதக்கி, உரித்த கிராஃபிஷ் வாலைப் போட்ட குழம்பு, சோற்றின் மேல் ஊற்றித் தருகிறார்கள். சோறு அவர் வயல் நெல், குழம்பு அவர் வயல் கிராஃபிஷ். அவர் சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் இரண்டு வாய்க்கு மேல் உடனே இறங்கவில்லை. குறவையும் கெளுத்தியும் வயலில் பிடித்துக் குழம்பு வைத்த காலம் எங்கள் வீட்டிலும் இருந்தது.

ஹூஸ்டனில் வியட்நாம்காரர்கள் இதையே பூண்டும் வெண்ணெயும் உருக்கி மேலே ஊற்றித் தருகிறார்கள். 1975-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நடத்தும் கடைகள். மகளுக்கு அதுதான் பிடிக்கும். அதையும் பிறகு சாப்பிட்டேன். ருசி உண்டு, ஆனால் வெண்ணெயில் வயல் காணாமல் போய்விடுகிறது.

பில் வந்தபோது நானும் மாப்பிள்ளையும் எழுந்தோம். அவர் விடவில்லை. பலகையில் பவுண்டு ஆறு டாலர் என்று இருந்தது. காலையில் வயலில் நின்றபோது, வியாபாரி தனக்குக் கொடுப்பது இரண்டு டாலருக்குக் கீழே என்று சொல்லியிருந்தார். தன் வயல் சரக்கைத் தானே மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை மொழிபெயர்க்க அங்கே எதுவும் இல்லை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். மேசைக்கு நடுவில் ஓட்டை, அடியில் பெரிய வாளி. மலை மலையாக ஓடு சேர்கிறது. அத்தனையும் குப்பை வண்டிக்கே போகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள ஓடு, மக்கவைத்தால் நல்ல உரம். கேட்டுப் பார்த்தேன். யாருக்கு சார் நேரம் இருக்கிறது என்றார்கள்.

ஊருக்கு வந்த பிறகு

இதைப் படித்துவிட்டு யாரும் கிராஃபிஷ் குஞ்சு எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம். 1970களில் ஸ்பெயின் நாட்டில் இதே இனத்தைக் கொண்டுபோய் விட்டார்கள். அது பண்ணையில் நிற்காமல் ஆறு, வாய்க்கால் எல்லாம் பரவி, உள்ளூர் உயிரினங்களை ஒழித்து, நெல் வயல் வரப்புகளையும் துளைத்துவிட்டது. லூசியானா விவசாயிக்கே இப்போது வெளியிலிருந்து வந்த ஒரு நத்தையால் தொல்லை. பறியைத் தூக்கினால் கிராஃபிஷுக்குப் பதில் தென் அமெரிக்க ஆப்பிள் நத்தை நிரம்பி வருகிறதாம். 2007-ல் நம் இறால் பண்ணைகளுக்கு வரும் அதே வெண்புள்ளி நோயும் அங்கே தலைகாட்டியிருக்கிறது.

வெண்புள்ளி என்றதும் என் நாலரை மா ஞாபகம் வந்தது. 1990களின் நடுவில் எங்கள் கடற்கரையில் அந்த நோய் வந்து, போட்ட முதலை எடுக்க முடியாமல் குட்டையைக் கைவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். குட்டை போனது, உப்பு போகவில்லை. பக்கத்து நெல் வயலும் குடிதண்ணீர்க் கிணறும் கெட்டதைக் கண்டு சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா வழக்குப் போட்டார். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. நெல்லையும் இறாலையும் எதிரிகளாகவே பார்த்துப் பழகியவன் நான். லூசியானாவில் இரண்டும் ஒரே வயலில், ஒரே நன்னீரில் முன்னும் பின்னுமாக நடக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கேரளத்தில் பொக்காலி வயலில் மழைக்காலத்தில் நெல், தண்ணீர் உப்பாகும் காலத்தில் இறால் என்று நெடுங்காலமாகச் செய்கிறார்கள். அங்கே உப்பு தானாக வந்து, மழையில் தானாகக் கழுவிப் போகிறது. என்னிடம் வந்தவர் மோட்டார் வைத்து உப்பாற்றுத் தண்ணீரை ஏற்றி, வருடம் முழுக்க நிறுத்தப் போகிறவர்.

ஜூனில் அவர் மறுபடி வந்தார். இல்லை என்று சொல்லிவிட்டேன். வருடம் தொண்ணூறாயிரத்தை விட்டதில் மகனுக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை. எனக்கும் நெல் கொள்முதல் நிலையத்தில் ராத்திரி காவல் கிடக்கும்போது அந்தத் தொகை கண்முன் வந்து போகிறது.

இந்தச் சம்பாவுக்கு அந்த ஒன்றரை ஏக்கரில் மட்டும் ஒரு ஓரமாகப் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் பள்ளம் எடுத்து, வெளிவரப்பை ஐந்து அடிக்கு அகலப்படுத்தி, நெல்லோடு மீன் விடலாம் என்று இருக்கிறேன். பூச்சிமருந்து அங்கே கிடையாது. கேள்வி-பதில் பகுதிக்கும் இதையே அனுப்பியிருக்கிறேன். கடைமடையில் நெல்லோடு மீன் விட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கார்த்திகை வெள்ளத்தில் வரப்புக்கு மேல் தண்ணீர் போகும்போது மீனை எப்படி நிறுத்தினீர்கள்? தையில் மேட்டூர் மூடிய பிறகு பள்ளத்தில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது? கெண்டை நல்லதா, விரால் நல்லதா? நண்டு வளையை அடைக்காமலே வரப்பைக் காப்பாற்றிய ஆள் யாராவது இருந்தால் அவரும் எழுதலாம்.